பிழைகளை வாசித்தவர்

வகுப்பறைப் பரிவு என்றாலே மார்க்கைக் கூட்டிப்போடும் தாராளம் என்றுதான் பேச்சு. நியூயார்க் சிட்டி காலேஜின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1969இல் கறுப்பின, போர்ட்டோரிக்க மாணவர்கள் வளாகத்தை மறித்துப் போராடினார்கள். 1970இல், நகரில் பள்ளிப்படிப்பை முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் என்றாயிற்று. இதுகளுக்கு எழுதவே வராது என்று கைவிரித்த பேராசிரியர்கள் உண்டு. எழுத்துப் பயிற்சித் துறையை நடத்திய மினா ஷானஸியோ சுமார் 4000 தேர்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது: பேச்சுவழக்கின் இலக்கணம், அரைகுறையாய்க் கற்ற விதியை எங்கும் பொருத்துவது, தப்பு வந்துடுமோ என்கிற பயம். கண்டதை 1977இல் புத்தகமாக்கினார். அதற்குள், 1976லேயே, இலவசக் கல்வி போய்க் கட்டணம் வந்துவிட்டது. பிழையைப் பொறுமையாய் வாசிக்க ஆசிரியர் இருக்கிறார், சரி; எழுதுகிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அவர் எதை வாசிப்பது?