கீழடிக் கரியும் காலக் கணிப்பும்

கரி என்னும் சொல் எரிந்த விறகையும் குறிக்கும். சான்று என்னும் பொருளையும் தரும். திருவள்ளுவர் இரண்டாவது பொருளிலும் அச்சொல்லை ஆண்டுள்ளார். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் ஒன்று, மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், வையையை அடுத்த சமவெளியில் உளது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தைச் சார்ந்த கீழடியே அது. அவ்வூரில் அகழ்ந்தெடுத்த கரித்துண்டுகள் சில, சங்ககாலத் தொடக்கம் பற்றிய கருத்தை மூன்று நூற்றாண்டு முன்னே கொண்டு சென்றன. அக்கரி கூறியது யாது, கூறாதது யாது என்பதனைத் தமிழ் ஆராய்வோர் தெளிதல் வேண்டும். அண்மையில் வரும் ஆய்வேடுகள் பலவற்றில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

கீழடியில் முதற்கண் அகழ்ந்தது இந்தியத் தொல்லியல் துறை. 2014ஆம் ஆண்டு முதல் முதலிரு கட்ட அகழாய்வினை அமர்நாத் இராமகிருஷ்ணன் நடத்தினார். நான்காம் கட்டம் முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. அக்கட்டத்திற் கிடைத்த கரித்துண்டுகளுள் ஆறு, அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்தின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. முடிவுகள் 2019 செப்டம்பரில் வெளியாயின. 200 செ.மீ. ஆழத்துக் கரி கி.மு. 205ஐச் சார்ந்தது என்றும், 353 செ.மீ. ஆழத்துக் கரி கி.மு. 580ஐச் சார்ந்தது என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அதே கட்டத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளும் கிடைத்தன. ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் அவற்றிற் காணப்படுவன. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலுள்ள மாங்குளம் முதலிய குகைக் கல்வெட்டுகளை எழுத்தின் வடிவு கொண்டு ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன், 2003இல் வெளியிட்ட பெருநூலில் அவற்றின் தொடக்கத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என வரையறுத்திருந்தார். எனவே கீழடி முடிவு எத்துணை அதிர்வை விளைத்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

கரியின் காலத்தைக் கணித்த கருவி நிறை நிறமாலைமானி என்பது. அணுக்களுக்கு மின்னூட்டம் தந்து விரைந்தோடச் செய்து, காந்தப் புலத்தினூடே செலுத்துவர். நிறை குறைந்தவை மிகுதியும் வளையும். நிறை மிக்கவை சிறிதே வளையும். ஆற்று வெள்ளம் மணலையும் கூழாங்கல்லையும் வேறுவேறு இடத்தே ஒதுக்குதல் போல அவை பிரிந்து விழும். ஜே. ஜே. தாம்சன் கண்ட இவ்வழியை 1919இல் ஆஸ்டன் செம்மையுறச் செய்து, 1922இல் நோபல் பரிசும் பெற்றார். உயிருள்ளன யாவும் காற்றினின்று கார்பனைப் பெறுகின்றன. அதனுள் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடிக்கு ஒன்று என்னும் அளவில் கார்பன் 14 என்னும் நிலையற்ற அணு உண்டு. மரம் பட்டபின் அது புதிதாகச் சேர்வதில்லை. 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1949இல் லிப்பி என்பார் இதனைக் காலக் கணிப்புக்குப் பயன்கொண்டபோது, அணு சிதையும் கதிரை எண்ணுதலே வழியாக இருந்தது; அதற்குக் கிராம் கணக்கிற் கரி வேண்டும். 1977க்குப் பின் முடுக்கியோடு இணைந்த நிறை நிறமாலைமானி அணுக்களையே நேரே எண்ணத் தொடங்கிற்று. சில மில்லிகிராம் போதும் என்றாயிற்று. ஒரு நெல்மணியும் காலம் சொல்லும் நிலை அதனால் வந்தது.

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் மாணவர் ஒருவர், “ஐயா, கீழடியின் காலம் கி.மு. 580 எனின், புறநானூறும் அக்காலத்தது எனலாமா?” என வினவினார். ஆகாது என உடனே கூறிவிட்டேன். ஏன் ஆகாது என விளக்குதற்கு அவ்வகுப்பு முழுதும் தேவைப்பட்டது. அன்று கூறியவற்றையே ஈண்டுச் சிறிது விரிக்கின்றேன்.

கருவி தருவது ஆண்டு அன்று. எஞ்சிய கார்பன் 14இன் அளவு. வளிமண்டலத்தில் அதன் அளவு எல்லாக் காலத்தும் ஒன்றாய் இருந்ததில்லை. ஆதலின் மரவளையங்களைக் கொண்டு வரைந்த திருத்தக் கோட்டின் துணையாலேயே அளவு ஆண்டாக மாற்றப்படும். நம் கெடுவாய்ப்பு யாதெனில், கி.மு. 800 முதல் 400 வரையுள்ள பகுதியில் அக்கோடு ஏறத்தாழச் சமதளமாய்க் கிடக்கின்றது. அந்நானூறு ஆண்டில் எந்த ஆண்டில் வெட்டிய மரமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். எனவே 580 என்னும் ஒற்றை எண், நெடியதோர் கால எல்லைக்குப் பதிலாக நிற்பதே. அதனை அரசர் முடிசூடிய ஆண்டு போலக் கொண்டு அதன்மேல் கருத்துகளை அடுக்குதல் பொருந்தாது. மேலும், கரி காட்டுவது அம்மரப்பகுதி வளர்ந்த காலத்தை. அடுப்பில் எரிந்த காலத்தை அன்று. முதிர்ந்த மரத்தின் வைரப்பகுதியாயின் நூறாண்டு வேறுபாடும் நேரலாம். இவையனைத்தினும் பெரிது ஓட்டுக்கும் கரிக்கும் உள்ள தொடர்பு. எழுத்துப் பொறித்த ஓடு அக்கரியோடு ஒரே மண்ணடுக்கிற் கிடந்ததா, எலிவளையாலோ பிற்காலக் குழியாலோ அடுக்குக் கலைந்ததா என்பதனை அகழ்வோனின் கண்ணே கூறவேண்டும், கருவி கூறாது.

இவ்வகையில் பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தல் நல்ல ஒப்புமையாகும். ஆங்குக் கா. இராஜன் நடத்திய அகழாய்வில் ஈமக்குழி ஒன்றில் நாற்கால் சாடியும், அதனுள் நெல்லும், உடன் எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. நெல் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. சமதளத்தின் இடர் அதற்கும் உண்டு. ஆயினும் நெல் ஒரு பருவத்துப் பயிர்; மரத்தைப் போல முதுமை மறைந்திருப்பதில்லை. ஒரே புதைப்பில் வைத்தனவாதலின் எழுத்துக்கும் நெல்லுக்கும் உள்ள தொடர்பும் நெருங்கியது. தமிழ் எழுத்தின் தொன்மைக்குக் கீழடிக் கரியினும் பொருந்தல் நெல்லே வலிய சான்று என்பது என் கருத்து. இதனைக் கீழடிக்கு இழுக்காகக் கொள்ளுதல் வேண்டா. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

காலம் ஒருபுறம் இருக்க, பொருள் யாது என்று காட்டும் முறைகளும் உள. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட அகச்சிவப்புக் கதிரை ஒரு பொருளின்மீது செலுத்தின், அதன் மூலக்கூறுகள் தத்தம் அதிர்வுக்கு ஏற்ற பகுதியை ஏற்றுக்கொள்ளும். எப்பகுதி குறைந்தது என நோக்கிச் சுண்ணாம்பா, சிப்சமா, சுடாத களிமண்ணா என அறியலாம். களிமண் தன்னுள் பிணைந்த நீரைச் சூளையில் இழப்பதால், பானை எவ்வளவு வெப்பத்தில் வெந்தது என்பதனையும் ஓரளவு உய்த்துணரலாம். இதனோடு உறவுடைய மற்றொரு முறை, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ச. வே. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலைப் பயன்கொள்வது. கீழடிக் கலங்களின் உட்புறக் கருமைப் பூச்சினை இவ்விராமன் முறையாலும் மின்னணு நுண்ணோக்கியாலும் ஆராய்ந்த வேலூர்ப் பல்கலைக்கழக அறிஞர் முதலியோர், அதனுள் கார்பன் நானோ குழாய்கள் உள்ளமையை 2020இல் வெளியிட்டனர். உடனே ‘சங்கத் தமிழர் அறிந்த நானோ அறிவியல்’ என எழுதத் தொடங்கினர் சிலர். குயவர் குழாயை அறிந்திலர். எப்பூச்சு உரியாது நிற்கும் என்பதனை நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவே போதிய பெருமையன்றோ?

இனி, நம் இலக்கியத்தோடு மிக நெருங்கிய ஆராய்ச்சி வேறொன்று உளது. சமைத்த கலத்தின் சுவரில் நெய்யும் ஊன்கொழுப்பும் ஊறிப் பல்லாயிரம் ஆண்டு நிற்கும். அவற்றைக் கரைத்தெடுத்து, வளிப்பகுப்பால் பிரித்து, நிறை நிறமாலைமானியிற் செலுத்தின் கொழுப்பு இன்ன வகையது என அறியலாம். சிந்துவெளிப் பண்பாட்டு ஊர்கள் சிலவற்றின் கலங்களை இவ்வாறு ஆராய்ந்து, விலங்குக் கொழுப்பு மிகுந்திருந்தமையை 2020இல் வெளியிட்டனர். ஊன்சோறும் கள்ளும் பாலும் பாடிய பாணரின் வையை நாட்டுக் கலங்களிலும் இதே வினாவை எழுப்பலாம். ஆனால் அதற்குரிய ஓடு கழுவாததாக இருத்தல் வேண்டும். கைபட்டால் விரல் நெய் ஏறும், பிளாஸ்டிக் பையிலிட்டால் அதன் வேதிப்பொருள் கலக்கும். அகழாய்வுக் களம் ஒன்றில் மாணவர் வரிசையாக அமர்ந்து தூரிகையும் தண்ணீரும் கொண்டு ஓடுகளைத் தேய்த்துக் கழுவக் கண்டேன். எழுத்துத் தெரிய வேண்டுமென்றே அவர்கள் அவ்வாறு செய்தனர்; எழுத்தில்லாத ஓடுகளையும் அதே வாளியில் கழுவினர்.