கைமாற்றுக்கும் ஒரு கணக்கு: மொய் நோட்டு முதல் மொபைல் வரை

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, பி பிளாக் இளைஞர் ஒருவர் மொபைலை நீட்டினார். "அங்கிள், மச்சானுக்கு ஐம்பதாயிரம் கைமாத்து கொடுத்தேன். இந்த பட்ஜெட் ஆப் அதைச் செலவுன்னு காட்டுது. எந்தத் தலைப்புல போடுறது?"

வங்கியில் 35 வருடம் குப்பை கொட்டியவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். "அது செலவே இல்லை தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் 500 வருடத்துக் கதை உண்டு.

1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்ற துறவி ஒரு கணித நூலை அச்சிட்டார். இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதிவந்ததை ஒழுங்காக விளக்கினார், அவ்வளவுதான். பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. கடன் வாங்கியவர் பெயரில் ஒரு கணக்கு திறந்துவிட்டால், பணம் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் ஊரிலும் இதற்குப் பழக்கம் உண்டு. பிள்ளையார் சுழி போட்டுச் சிட்டையும் பேரேடும் எழுதிய கடைகள் ஒருபுறம். வீட்டுக்கு வீடு மொய் நோட்டு மறுபுறம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி பக்கம் மொய் விருந்தே நடத்துவார்கள். வாங்கிய மொய்யை, அவர்கள் விருந்து வைக்கும்போது கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும். வட்டியில்லாக் கடன்தான், நோட்டுதான் சாட்சி. இப்போது அங்கெல்லாம் லேப்டாப்பில் பதிந்து ரசீதும் கொடுக்கிறார்கள்.

சட்டமும் எழுத்தைத்தான் கேட்கிறது. புரோநோட்டுக்கு 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம். 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கைக்கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான். அதற்குள் வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து மீண்டும் மூன்று வருடம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வங்கி வழியாகவே கொடுங்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். 1987இல் அப்பா திடீரென்று காலமானார். யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அம்மாவுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு ஆயிரம் கொடுத்தது மட்டும் தெரியும். "அண்ணனும் நானும் பேசித் தீர்த்துவிட்டோம்" என்றார் சித்தப்பா. அம்மா நம்பவில்லை. காரியம் முடிவதற்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை. அப்போதுதான் பீரோவில் அப்பாவின் நீள நோட்டு கிடைத்தது. சித்தப்பா பக்கத்தில் இரண்டு தவணையாக 700 வரவு. கீழே, "பாக்கி 300 தள்ளுபடி, அவன் மகள் கல்யாணத்துக்கு" என்று அப்பா கையெழுத்து. அம்மா நோட்டை மூடிவிட்டுச் சித்தப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் மளிகைக்கடைக்கு நாங்கள் தரவேண்டிய 640 ரூபாயும் இருந்தது. கடைக்காரர் கேட்கவே இல்லை, கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பிறகு கணினி வந்தது. 1979இல் தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க், 1983இல் தொடங்கிய இன்ட்யூட் நிறுவனத்தின் குவிக்கன், 1998இல் இலவசமாகக் கிடைத்த குனூகேஷ். குனூகேஷின் அடியில் இருப்பது பச்சோலி விளக்கிய அதே கணக்குதான். ஆனால் இன்றைய பல ஆப்கள் வரவு, செலவு என்ற இரண்டையே முன்னால் காட்டுகின்றன. கைமாற்று செலவாகிவிடுகிறது, திரும்பி வந்தால் சம்பளம் போல வருமானமாகிவிடுகிறது. இரண்டும் தப்பு.

செய்யவேண்டியது எளிது. ஆப்பில் மச்சான் பெயரில் தனிக் கணக்கு திறங்கள். வங்கிக் கணக்கிலிருந்து அதற்குப் பணத்தை "மாற்றம்" என்று பதியுங்கள். திருப்பித் தந்தால் அதே வழியில் திரும்ப மாற்றுங்கள். இனி வராது, அல்லது வேண்டாம் என்று முடிவுசெய்த அன்றைக்குச் செலவாக எழுதுங்கள். வங்கியில் வாராக்கடனைத் தள்ளுபடி செய்வதும் இப்படித்தான். நாம் வாங்கிய கைமாற்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. மொபைலுக்குப் பாஸ்வேர்டு உண்டு, அப்பாவின் நோட்டுக்குக் கிடையாது. கணக்கு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.

சந்தேகம் இருந்தால் மாலை ஆறு மணிக்குப் பூங்கா பெஞ்சில் இருப்பேன். நோட்டோடு வந்தாலும் சரி, மொபைலோடு வந்தாலும் சரி.