மூன்று நாள்காட்டிகளும் ஒரு மாதமும்: புதுமடம் கரையின் டிசம்பர்

தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் சுவரில் தொங்கும், நாளுக்கொரு தாளாகக் கிழிக்கப்படும் நாள்காட்டியில், பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதியும், அதன் அருகே தமிழ் மாதமும் நாளும், சற்றுச் சிறிய எழுத்தில் ஹிஜ்ரி தேதியும் அச்சிடப்பட்டிருக்கும். உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை நோக்கிய புதுமடம் போன்ற ஓர் ஊரில் இம்மூன்றுமே நடைமுறையில் உள்ளவை. நோன்பும் பெருநாளும் பிறைக்கணக்கில் அமைகின்றன. காற்றும் மழையும் மீன்பாடும் தமிழ் மாதக் கணக்கில் பேசப்படுகின்றன. பள்ளியும் வங்கியும் அரசு அலுவலகமும் ஆங்கிலத் தேதியில் இயங்குகின்றன. ஆகவே இக்கரையின் வரலாற்றில் டிசம்பர் மாதத்துக்குரிய நினைவுநாட்களைத் தொகுக்க முற்படுபவர், எந்த நாள்காட்டியின்படி என்ற கேள்வியை முதலில் எதிர்கொள்ள வேண்டியவராகிறார்.

அந்நாட்களுள் தலையாயது 1964-ஆம் ஆண்டின் தனுஷ்கோடிப் புயல். டிசம்பர் நடுவில் அந்தமான் கடலுக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு அருகில் உருவான தாழ்வுநிலை வலுப்பெற்று, 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணையின் வழியாக இராமேசுவரம் தீவை அடைந்தது. மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிடப்படும் காற்றும், ஏறத்தாழ ஏழு மீட்டர் உயர்ந்த கடலும், இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம், பள்ளி என ஒரு துறைமுக நகருக்கு வேண்டிய அனைத்தும் அமைந்திருந்த தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தன. பாம்பனிலிருந்து 11.55 மணிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணியர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக அலையில் மூழ்கியது. அதிலிருந்த 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியர்களும் இறந்தனர். மொத்த உயிரிழப்பு ஏறத்தாழ 1,800 எனக் கணிக்கப்படுகிறது.

இந்நிகழ்வின் தேதியைச் சில நூல்கள் 22 என்றும் சில 23 என்றும் குறிப்பதைப் பிழையென ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறுவதால், வண்டி புறப்பட்டது ஒரு தேதியிலும் மூழ்கியது மறு தேதியிலுமாக ஐந்து நிமிட இடைவெளியில் அந்த இரவு இரண்டாகப் பிளக்கிறது. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால், விடியும்வரை அந்த இரவு முழுவதும் முந்தைய நாளுக்கே உரியது. மார்கழி பிறந்து அப்போது ஒரு வாரமாகியிருந்தது. ஹிஜ்ரிக் கணக்கிலோ நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். ஆகையால் அதே இரவு, ஷஃபான் மாதத்தின் முழுநிலவு கழிந்த நாட்களுள் ஒன்றாக, அடுத்த நாளைச் சேர்ந்தது. அந்த இரவு எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டுமென்று கேட்டால், இரவை உடைக்காத பின்னிரு முறைகளே நிகழ்ந்ததற்கு நெருக்கமானவை என்று சொல்லத் தோன்றுகிறது. அதை வாழ்ந்தவர்களுக்கு அது மாலையில் தொடங்கி விடியலில் முடிந்த ஒரே இரவாகத்தான் இருந்தது.

ஆண்டுகள் செல்லச் செல்ல இம்முறைகளுக்கிடையே வேறுபாடு இன்னும் விரிகிறது. பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவானது என்பதால், ஹிஜ்ரிக் கணக்கில் வரும் நினைவுநாள் மழைக்காலத்தை விட்டு நகர்ந்து, கோடைக்கும் பனிக்குமாகச் சுற்றி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில்தான் பழைய பருவத்துக்குத் திரும்புகிறது. தமிழ் மாதமோ சூரியனின் நகர்வைப் பின்பற்றுவதால் மார்கழி எப்போதும் வாடைக்காற்றின் காலத்திலேயே நிற்கிறது. வாடை என்பது வடகிழக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. அது வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவாகிய வடகடல் கொந்தளிக்க, நிலத்தின் மறைவிலுள்ள தென்கடல், அதாவது புதுமடத்தின் முன்னுள்ள மன்னார் வளைகுடா, ஒப்பளவில் அடங்கியிருக்கும்.

இக்கரையின் துயர நாட்கள் கார்த்திகை, மார்கழியில் குவிவதற்கும் பருவமே காரணம். வடகிழக்குப் பருவத்தின் தொடக்கத்தில் வங்கக் கடலில் தோன்றும் புயல்கள் பெரும்பாலும் ஆந்திரத்தையும் வட தமிழகத்தையும் நாடுகின்றன. பருவம் முதிர முதிர அவை உருவாகும் இடமும் செல்லும் தடமும் தெற்கே இறங்குவதால், டிசம்பரில் இலங்கையும் இராமநாதபுரமும் அவற்றின் வழியில் அமைந்துவிடுகின்றன. 1955 டிசம்பர் 1-இல் இராஜாமடம் அருகே கரை கடந்த புயல் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களைச் சீரழித்தது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி என்னும் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, இராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்று வலுவிழந்தது.

2004 டிசம்பர் 26 மட்டும் இப்பருவ விளக்கத்துக்குள் அடங்காதது. சுமத்திராவுக்கருகே கடலடியில் இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் நேர்ந்த நிலநடுக்கத்துக்கும் மார்கழிக்கும் தொடர்பில்லை. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்க, இலங்கையின் மறைவில் கிடந்த இராமநாதபுரம் கரையில் இழப்பு மிகக் குறைவாயிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் புயல் எந்தத் தீவின் மேல் ஏறி வந்ததோ, அத்தீவே ஆழிப்பேரலையைத் தடுத்து நின்றது. கரைக்கு இணையாக உள்ள மண்டபம் பகுதித் தீவுகளும் பவளத்திட்டுகளும் அலையின் வேகத்தைக் குறைக்க உதவின.

பாம்பன் துறைமுகத்தில் இன்றும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இம்மாதத்தின் அடையாளம் எனலாம். கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான கறுப்பு வடிவங்களும், இரவில் செந்நிற, வெண்ணிற விளக்குகளும் கட்டப்படுவதே அது. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பத்தாம் எண் பேரபாயத்தைக் குறிக்கும். பதினொன்றாம் எண்ணுக்கோ, வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். எச்சரிக்கை தருபவரின் குரல் கேட்காமல் போவதையே இறுதி எச்சரிக்கையாக வைத்த ஏற்பாட்டின் ஆழத்தை, தந்திக்கம்பிகள் அறுந்து தனுஷ்கோடியின் நிலை வெளியே தெரியாதிருந்த 1964-இன் விடியலோடு சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடியும்.

1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் அப்புயலில் 120-க்கும் மேற்பட்ட உத்திரங்களை இழந்தது. கப்பல்களுக்காக இரு கைகளாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பகுதி மட்டும் தாக்குப்பிடித்தது. ஆறு மாதம் ஆகுமெனக் கருதப்பட்ட சீரமைப்பை, கடலில் கிடந்த உத்திரங்களை மீட்டுப் பொருத்தி, பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் முடித்தனர். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. அப்பாலத்தில் இரயில்கள் இறுதியாக நிறுத்தப்பட்டது 2022 டிசம்பர் 23-இல். வலுவிழப்பே காரணமாயினும், தேதி 1964-இன் தேதியோடு பொருந்தியது.

தமிழ் ஆண்டுகள் 60 பெயர்களில் சுழல்பவை. 1964-இல் நடந்தது குரோதி ஆண்டு. சினம் கொண்டது என்பது பெயரின் பொருள். பெயரில் பலன் தேடுவதற்கு ஆதாரமில்லை. ஆனால் கணக்கென்ற வகையில் அது துல்லியமானது: புயலின் 60-ஆம் நினைவுநாள் வந்த 2024 டிசம்பரில் மீண்டும் குரோதியும் மார்கழியும் கூடின, ஹிஜ்ரிக் கணக்கில் அந்த ஷஃபான் நாளுக்கோ இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி செங்குத்தாக மேலெழும்பும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டபோது அதே குரோதி ஆண்டின் பங்குனி நடந்துகொண்டிருந்தது; சித்திரை பிறக்க எட்டு நாட்கள் எஞ்சியிருந்தன.