களிமண்ணும் மேட்டுப்பாத்தியும்

தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவதில் பயனில்லை என்பார்கள் நம் பெரியோர். காய்கறித் தோட்டத்திற்கும் இது பொருந்தும் என்பதைச் சிங்கப்பூர், மலாயா வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகிப் போயிற்று. உணவைப் பயிரிடுங்கள் என்று ஆட்சியாளர் மக்களைத் தூண்டினர். வீட்டு முற்றங்களும் புல்வெளிகளும் கொத்தப்பட்டன. ஆனால் அங்கே பெரும்பாலும் விளைந்தவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே. ஏன்? பண்படாத மண்ணிலும் அவை பிழைத்துக்கொள்ளும். கிழங்கு வயிற்றை நிரப்பிற்று. உடலைக் காக்கப் போதவில்லை. சத்துக்குறைவும் பெரிபெரி நோயும் மக்களை வாட்டின.

கீரைக்கும் காய்க்கும் களிமண் ஏன் தடையாகிறது? களிமண்ணின் துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கினும் சிறியது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த நீர் துகள்களுக்கிடையே தேங்கினால் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. வெயில் அடித்தாலோ மண் இறுகி வெடிக்கிறது.

இதற்கு விடையை இங்கே குடியேறிய சீனக் காய்கறி விவசாயிகள் முன்பே அறிந்திருந்தார்கள். அவர்கள் களிமண்ணோடு மல்லுக்கு நிற்கவில்லை. இருபுறமும் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை நடுவே குவித்து, மேட்டுப்பாத்தி அமைத்தார்கள். மழைநீர் வாய்க்காலில் வடிந்தது. பன்றி எருவும் மட்கிய குப்பையும் சேரச் சேர மண் பொலபொலப்பாயிற்று. காவடி போலத் தோளில் இரண்டு நீர்வாளிகளைச் சுமந்து பாத்திக்குப் பாத்தி நீர் தெளித்தார்கள். நம் தோட்டப்புறத் தமிழரும் லயன் வீடுகளின் பின்னே மாட்டெரு இட்டு வெண்டையும் கீரையும் வளர்த்தவர்களே.

இத்தகைய மண் ஒரு நாளில் உருவாவதில்லை. பல பருவம் எரு உண்ட பாத்தியே நல்ல பாத்தி. பசியோ பருவம் பார்த்துக் காத்திருப்பதில்லை!

பின்னர் 1974இல் மலேசியப் பிரதமர் துன் அப்துல் ரசாக், வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடும் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரிலோ 1960 முதல் அடுக்குமாடி வீடுகள் பெருகின. காய்கறி நிலங்கள் சுருங்கின. 1990க்குள் பன்றிப் பண்ணைகளும் மறைந்தன. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் சிங்கப்பூர் அரசு வீடுகளுக்கு இலவசமாக விதை வழங்கியபோது, பலருக்கு இருந்த நிலம் தாழ்வாரத்துத் தொட்டி ஒன்றுதான்.

தொட்டியும் ஒரு வகையில் மேட்டுப்பாத்தியே. அடியிலுள்ள துளையே அதன் வாய்க்கால். எனினும் வெறும் களிமண்ணைத் தொட்டியில் அடைத்தால் அது செங்கல்லாக இறுகிவிடும். மட்கிய உரமும் தேங்காய் நாரும் கலந்த இலேசான மண்ணோ விரைவில் காய்ந்துவிடும். நீரோடு சத்தும் வெளியேறிவிடும். சத்தைப் பிடித்து வைக்கும் களிமண்ணின் அருமை அப்போதுதான் தெரியும். ஆகவே தொட்டிக்கு அடிக்கடி நீரும் உரமும் வேண்டும்.

நிலமுள்ளவர்கள் களிமண்ணைப் பழிக்காமல் உயர்த்திப் பண்படுத்துவோம். இல்லாதவர்கள் ஒரு தொட்டியிலேனும் கங்கோங் கீரை வளர்ப்போம். பசி இல்லாத நாளில் மண்ணைப் பேணுவதே அறிவுடைமை.