நீரிழிவு விழித்திரைப் பரிசோதனை

நீரிழிவு நோயாளரின் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் விளையும் விகாரங்களை, பார்வை குன்றுமுன் கண்டறியும் பொருட்டுக் குறித்த காலந்தோறும் செய்யப்படும் கண் பரிசோதனை. தடுப்பு மருத்துவத்தின் பாற்பட்டது.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பின், அக்குழாய்களின் சுவர்கள் நலிந்து, செம்புள்ளிகளெனத் தோன்றும் சிறு புடைப்புகளும், பின்னர் இரத்தக் கசிவும், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகளும் உண்டாகி, முற்றிய நிலையில் எளிதில் உடையும் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. இத்தனையும் நிகழ்ந்துகொண்டிருக்கையிலேயே நோயாளர் பத்திரிகையின் பொடி எழுத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடுமாதலின், பார்வை நன்றாயிருப்பது பரிசோதனையை ஒத்திப்போடுவதற்குக் காரணமாகாது.

டிராபிகமைடு முதலிய சொட்டு மருந்தினால் கண்பாவையை விரியச்செய்து, கருவிகொண்டு விழித்திரையை நோக்குவர். அன்றி நிழற்படம் எடுப்பர். பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசி, அண்மைப் பார்வை மங்குமாதலால் வாகனம் ஓட்டுதல் தகாது.

இரண்டாம் வகை நீரிழிவினர் நோய் அறியப்பட்டவுடனேயும், முதல் வகையினர் 5 ஆண்டுகளுக்குள்ளும், நீரிழிவுள்ள கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களிலும் இதனைச் செய்துகொள்ளவேண்டும். அப்பால் ஆண்டுக்கொருமுறை என்பது பொதுவிதி. விகாரம் முற்றியவர்க்கு லேசர் சிகிச்சையும், கண்ணுள் செலுத்தும் ஊசியும் உண்டு.

ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் விழியகநோக்கியை வெளியிட்டதே இப்பரிசோதனைக்கு ஆதாரமாயிற்று. நிழற்படத்தைக் கணிப்பொறியே ஆராயும் முறைபற்றி 2016இல் வெளிவந்த கூகுள் ஆய்வில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முதலியவற்றின் படங்கள் பயன்பட்டன.