பெயர் மாறிக் கிடந்த கற்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஹெந்தளையில் வீடு கட்ட ஆற்று மணல் கொட்டினால் போதும், பிள்ளைகள் அந்தக் குவியலில்தான். சிவப்புக் கோடு ஓடிய கல், புள்ளி விழுந்த கல் என்று பொறுக்கிக்கொண்டு வந்து, "இது ஜஸ்பரா? பெறுமதியானதா?" என்று கேட்கிறார்கள். பெற்றோரும் வட்ஸப்பில் படம் அனுப்புகிறார்கள். படத்தை வைத்து நாங்கள் பதில் சொல்வதில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஜஸ்பர் என்பது ஒளி ஊடுருவாத, மிக நுண்ணிய மணிகளால் ஆன படிகக்கல் வகை. உள்ளே கலந்திருக்கும் இரும்பு அதற்குச் சிவப்பும் மஞ்சளும் கொடுக்கிறது. பட்டை, புள்ளி, மேகம் போன்ற கோலங்கள் வரும். பச்சையில் சிவப்புத் துளி தெறித்த இந்திய இரத்தக்கல் இந்தக் குடும்பம்தான், குஜராத் பக்கம் பேர் பெற்றது. உண்மையான ஜஸ்பர் கண்ணாடியைக் கீறும். மணலில் கிடைக்கும் சிவப்புத் துண்டுகளில் பல, ஆறு உருட்டித் தேய்த்த செங்கல்லும் கபுக் கல்லுமே. நனைந்திருக்கும்போது எல்லாமே அழகுதான், காய்ந்த பிறகு பாருங்கள்.

நிறத்தையும் கோலத்தையும் பார்த்துப் பெயர் வைத்து ஏமாந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமல்ல. எங்கள் நாட்டுக் கற்களே பல காலம் வேறு கல்லின் பெயரில் விற்பனையாகியிருக்கின்றன.

இந்தப் பிரச்சினையை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே தராசில் வைத்தவர் அல்பிரூனி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். நீர் நிரம்பிய கூம்புப் பாத்திரத்தில் கல்லைப் போட்டு, குழாய் வழியே வெளியேறும் நீரை நிறுத்துப் பார்த்தார். அப்படிக் கற்களை ஒன்றோடொன்று ஒப்பிட அவர் அளவுகோலாக எடுத்தது நீலக்கல்லை, அதற்கு 100 என்று வைத்தார். யாகூத் எனப்படும் உயர்ந்த சிவப்புக்கல்லும் பதக்ஷானிலிருந்து வந்த லஅல் சிவப்புக்கல்லும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும், பின்னது பாரம் குறைந்தது. இன்று அதை ஸ்பினெல் என்கிறோம். ஐரோப்பிய அரண்மனைகள் இந்த வேறுபாட்டை உணர இன்னும் பல நூற்றாண்டுகள் சென்றன. பிரித்தானிய முடியில் இன்றும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெயரோடு இருப்பது ஸ்பினெல்தான்!

இதை வீட்டிலும் செய்யலாம். சமையலறை டிஜிட்டல் தராசில் முதலில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சாரடர்த்தி. 52 கிராம் கல், தண்ணீரில் 20 காட்டினால் 2.6. ஜஸ்பர் இந்த அளவில்தான் வரும். ஸ்பினெல் 3.6, நீலக்கல்லும் மாணிக்கமும் 4. சிறிய கல்லுக்கு இந்தத் தராசு போதாது. 2.6 வந்த எல்லாமே ஜஸ்பரும் இல்லை, ஆனால் வராதவற்றை ஒதுக்கிவிடலாம்.

இனி எங்கள் நாட்டுக் கதை. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை எழுத்தாளராகத்தான் பலர் அறிவார்கள். அவர் முதலில் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வின் பணிப்பாளர். கண்டிப் பக்கம் அம்பகோட்டைக்கு அருகே கங்கப்பிட்டியவில் பாறையில் கண்ட நீல மணிகளை, பிரித்தானிய நூதனசாலையின் பிரயருடன் சேர்ந்து புதிய கனியம் என்று 1903இல் வெளியிட்டார். அதற்கு வைத்த பெயர் செரண்டிபைற்று. அரபு வணிகர்கள் இந்தத் தீவுக்கு வைத்த ஸரந்தீப் என்ற பெயர் அப்படி ஒரு கல்லில் ஏறியது.

அடுத்தது சபரகமுவச் சரளையில் கிடைத்த கறுப்பு நிறச் சிறு கனசதுரங்கள். அழகே இல்லை, பாரம் மட்டும் அசாதாரணம். குமாரசுவாமி 1904இல் அதை யுரேனினைற்று என்றே எழுதினார். லண்டனில் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது தோரியமே மேலோங்கி நின்றது, தோரியனைற்று என்று பெயரானது. அந்த இலங்கைக் கனியத்திலிருந்து எடுத்த பொருளை ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்த ஒரு ஜேர்மன் இளைஞர் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். அவர் ஒட்டோ ஹான். அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஹான்!

1945இல் டப்ளின் நகரில், ஒரு நகைக்கடையின் பழைய கற்களைப் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் டாஃபே, ஊதா நிற ஸ்பினெல் ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்தார். உள்ளே தெரிந்த கீறல்கள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினெல் ஒளியை இரண்டாகப் பிரிக்காது. ஆகவே அது ஸ்பினெல் இல்லை. 1.419 கரட் எடையுள்ள அந்தக் கல்தான் உலகின் முதல் டாஃபைற்று. பட்டை தீட்டிய கல்லில் இருந்து ஒரு புதிய கனியம் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. பிறகு தேடியபோது அவ்வகைக் கற்கள் இலங்கையில் கிடைத்தன. எங்கள் சுரங்கங்களில் இருந்து எத்தனை டாஃபைற்று ஸ்பினெல் விலைக்குப் போயிருக்கும் என்று கணக்கிட யாராலும் முடியாது.

அதுபோலவே மண்ணிறப் பெரிடொட் என்று விற்கப்பட்ட கல். எடை சற்றுக் கூடுதல் என்ற சந்தேகம் ஆய்வுகூடம் வரை போய், 1952இல் சின்ஹலைற்று என்ற தனிக் கனியமானது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது. 1953இல் எஹலியகொடை மாணிக்கச் சரளையில் கிடைத்த பச்சைக்கல் வழக்கமான எதனோடும் பொருந்தவில்லை என்பதை எப்.எல்.டி. ஏக்கநாயக்க கண்டுகொண்டார். 1961இல் அது ஏக்கனைற்று என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உள்ளே தோரியம், ஆகவே கதிர்த்தொழிற்பாடு உள்ளது, அந்தக் கதிர்வீச்சே கல்லின் உள்ளமைப்பைக் காலப்போக்கில் குலைத்துவிடுகிறது. நகையாகப் போட உகந்ததல்ல. ஆனால் டாஃபேயின் கல் போல அது வெளிநாட்டுக் கடையில் தற்செயலாக அகப்படவில்லை, கல் கிடைக்கும் நாட்டிலேயே அதன் வித்தியாசத்தைக் கவனிக்க ஒருவர் இருந்தார்.

டாஃபேயின் முதற்கல் எந்தக் குழியில் இருந்து வந்தது என்பதற்குப் பதிவே இல்லை. கங்கப்பிட்டியவோ கனியப் புத்தகங்களில் இன்றும் பெயரோடு இருக்கிறது. பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் எங்கள் சமூகத்துக் கல் வியாபாரிகளின் கண்கூர்மை பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் வாய்வழியாகவே போகிறது. ஜனாஸாவோடு சேர்ந்து அதுவும் அடக்கமாகிவிடுகிறது என்பது எங்கள் கவலை.

வத்தளை, ஹெந்தளைப் பக்கத்திலும் வாப்பா, மூத்தவாப்பா காலத்தில் கல் வியாபாரம் செய்த குடும்பங்கள் இருக்கும். "எதற்கும் சேராத கல்" என்று ஒதுக்கி வைத்த கற்களுக்கு அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள், எந்த ஊர்க் குழியில் இருந்து வந்தவை என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். விலை வேண்டாம், கல்லின் பெயரும் ஊரின் பெயரும் போதும். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம்.