சிறகுக் குழந்தைகளின் தாடை

ரஃபேல் 1512-ஆம் ஆண்டளவில் வரைந்த சிஸ்டைன் மடோனா என்னும் ஓவியம் இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. அதன் அடிவிளிம்பில், கன்னம் உப்பிய இரு சிறகுக் குழந்தைகள் மேலே பார்த்துக்கொண்டிருப்பதை நம்மில் பலர் வாழ்த்து அட்டைகளிலேனும் கண்டிருப்போம். அத்தகைய முகத்தின் பெயரால் ஒரு தாடை நோய் வழங்குகிறது: செருபிசம்.

1933-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகர மருத்துவர் டபிள்யூ. ஏ. ஜோன்ஸ், உடன்பிறந்த மூன்று குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். அவர் முதலில் இட்ட பெயரைக் 'குடும்பவழிப் பல்லறைத் தாடைக்கட்டி நோய்' என்று தமிழாக்கலாம். வறண்ட பெயர்தான், ஆயினும் எக்ஸ்-கதிர்ப் படம் காட்டுவதை உள்ளவாறே சொல்கிறது. கீழ்த்தாடையின் இரு கோணங்களிலும் எலும்பு கரைந்து, சோப்புக் குமிழிகளை அடுக்கினாற்போலக் கரிய அறைகள் தெரியும். பற்கள் இடம்பெயர்ந்து மிதப்பனபோல் நிற்கும். தாடை மூட்டின் குமிழ் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும்.

மேல்தாடையும் வீங்கினால் கீழிமை இழுபட்டு, கருவிழியின் கீழ் வெண்மை புலப்படும். வானை நோக்கும் பார்வை இப்படி வருவதே. பின்னர் வந்த அழகிய பெயரை என்னால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. எபிரேய வேதத்தின் கேருபீன்கள் ஏதேன் தோட்டத்தைக் காத்த அச்சந்தரும் காவலர்கள். அவர்களைக் கொழுகொழு குழந்தைகளாக்கியவர்கள் ஓவியர்கள். நோயுற்ற பிள்ளையின் தாய்க்கு அந்த உவமை என்ன ஆறுதல் தரும்?

நுண்ணோக்கியில் தெரிபவை பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்கள். சிக்கல் இங்கேதான், அவை இந்நோய்க்கு மட்டும் உரியவை அல்ல. நியூயார்க்கின் நோய்க்குறியியல் அறிஞர் ஹென்றி ஜாஃபே 1953-இல், தாடைக்குள் தோன்றும் ஒருவகைப் பெருஞ்செல் திரளை நீண்ட எலும்புகளின் கட்டியிலிருந்து பிரித்தார். அது உடல் தன்னைச் செப்பனிடும் முயற்சி எனக் கருதி அவ்வாறே பெயருமிட்டார். சில திரள்கள் எலும்பை விரைந்து அரிப்பதைக் கண்ட பிறர், 'செப்பனிடும்' என்ற அடைமொழியைப் பின்னாளில் கைவிட்டனர்.

கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் இதே செல்கள் தாடையில் தோன்றும். அப்போது படத்தில் பல்வேர்களைச் சுற்றியோடும் மெல்லிய வெண்கோடு மறைந்திருக்கலாம். இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருக்கும். இதை ஆராயாது தாடையை மட்டும் அறுத்தால், நோயின் வேர் கழுத்திலேயே தங்கிவிடும்.

செருபிசத்திற்குக் காரணமான மரபணு 2001-இல் கண்டறியப்பட்டது. பருவ வயதுக்குப்பின் வீக்கம் பெரும்பாலும் தானே தணிந்து, கரிய அறைகள் மெல்ல எலும்பால் நிரம்புகின்றன. ஆதலால் பார்வைக்கோ மூச்சுக்கோ இடையூறு நேராதவரை, பல மருத்துவர்கள் கத்தியை எடுக்காமல் ஆண்டுதோறும் படமெடுத்துக் காத்திருக்கிறார்கள்.